மதிய உணவு நேரம் வீண் நேரமா?

1950ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் நான்கு இயற்பியலாளர்கள் மதிய உணவு சாப்பிட நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். என்ரிக்கோ ஃபெர்மி, எட்வர்ட் டெல்லர், எமில் கோனோபின்ஸ்கி, ஹெர்பர்ட் யார்க் ஆகியோரே அந்த நால்வர். வழியில் பேச்சு பறக்கும் தட்டுகள் பக்கம் போனது. நியூயார்க் நகரில் குப்பைத் தொட்டிகள் காணாமல் போவதற்கு வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்களே காரணம் என்று கிண்டல் செய்து ஒரு வார இதழ் கேலிச்சித்திரம் வெளியிட்டிருந்தது. அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு பேச்சு வேறு எங்கெங்கோ திரும்பிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சற்று நேரம் ஆனபின், ஃபெர்மி திடீரென்று ஒரு கேள்வி கேட்டார்: "அவர்கள் எல்லாரும் எங்கே?" மற்ற மூவரும் பின்னாளில் நினைவுகூர்ந்த சொற்கள் சற்றே வேறுபட்டாலும், கேள்வியின் சாரம் இதுதான். யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது மேசையில் இருந்தவர்களுக்கு உடனே புரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை. அண்டத்தில் இத்தனை விண்மீன்கள் இருக்கின்றன. உயிர்கள் பல இடங்களில் தோன்றியிருக்க வாய்ப்பு உண்டு என்றால், இதுவரை ஒருவர்கூட ஏன் நம்மைத் தேடி வரவில்லை? இன்று 'ஃபெர்மி முரண்' என்று அழைக்கப்படும் இந்தக் கேள்விக்கு 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் உறுதியான விடை கிடைக்கவில்லை.

அன்று அந்தக் கேள்வி எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இல்லை. அதற்கென்று யாரும் நேரம் ஒதுக்கவும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

மாணவர்களே, உணவு இடைவேளை என்பது வேலை நேரத்திலிருந்து கழிக்க வேண்டிய நேரம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அதை வேலையோடு கூட்ட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு அறிவியல் என்ன ஆதாரம் தருகிறது, எந்த இடத்தில் எச்சரிக்கை செய்கிறது என்று இரண்டையும் பார்ப்போம்.

"இது வேலைக்குப் போகும் பெரியவர்களின் விவகாரம், எங்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும்போதே வேலைப் பயிற்சிக்குச் செல்வீர்கள். முதல் நாள் காலையில் கணினிக்கான கடவுச்சொல்லை யாராவது தருவார்கள். நுழைவு அட்டையையும் தருவார்கள். நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு யாரோடு போய்ச் சாப்பிடுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால், அந்த வேலையிடம் உங்களுக்குப் பிடிக்குமா, அங்கே நீங்கள் எதையாவது கற்றுக்கொள்வீர்களா என்பதைத் தீர்மானிப்பதில் அந்த அரை மணி நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

பிற்பகலில் வரும் தூக்கம்

முதலில் உடலைப் பார்ப்போம். பிற்பகல் பாட வேளையில் கண் சொக்குவது உங்களுக்குப் பழகிய ஒன்று. 'நாசி லெமாக்' ஒரு பிடி அதிகமாகப் போய்விட்டது என்று உணவின்மீது பழியைப் போடுவோம். அது பாதி உண்மைதான். வயிறு நிறையச் சாப்பிட்டால் மந்தம் கூடும். ஆனால், மதிய உணவே சாப்பிடாதவர்களுக்கும் பிற்பகலில் விழிப்புநிலை சற்றுக் குறைகிறது என்று உறக்கத்தை ஆராய்பவர்கள் கண்டறிந்துள்ளனர். நம் உடலுக்குள் ஓடும் சுமார் 24 மணி நேரக் கடிகாரம் இரவில் மட்டுமன்றிப் பிற்பகலிலும் கவனத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது.

ஆகவே, மேசையைவிட்டு எழாமல், ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் கணினிச் சுட்டியுமாக வேலை செய்பவர் நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார். உண்மையில் களைத்த மூளையோடு இன்னும் மெதுவாக வேலை பார்க்கத்தான் அவர் தயாராகிறார்.

சட்டமும் இதைக் கணக்கில் கொண்டுள்ளது. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, வேலை நேரம் பற்றிய விதிகளுக்குள் வரும் ஊழியரிடம் பொதுவாக இடைவேளை இன்றித் தொடர்ந்து 6 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இன்னும் கொஞ்சம் கண்டிப்பானது: தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் வேலை என்றால், இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். வேலையை நடுவில் நிறுத்த முடியாத இடங்களுக்கு இரு நாடுகளிலும் தனி விதி உண்டு; அங்கும் சாப்பிட 45 நிமிடம் தந்தாக வேண்டும்.

சட்டம் இடைவேளையைத் தரும். உடன் உட்கார ஆளைத் தராது. அதை நாம்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

யோசித்துக் கட்டிய உணவுக்கூடம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்று 1962ல் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. அதன் தலைவர் மேக்ஸ் பெருட்ஸ். நம் இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்தவர். அதே ஆண்டு வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விலையுயர்ந்த கருவிகளைப் பற்றிக் கவலைப்பட்டதுபோலவே அவர் உணவுக்கூடத்தைப் பற்றியும் கவலைப்பட்டார். கட்டடத்தின் மேல்தளத்தில் அது அமைந்தது. அவருடைய மனைவி கிசெலா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நடத்தினார். காலையில் காப்பி, நண்பகலில் சாப்பாடு, மாலையில் தேநீர் என்று ஒரு நாளில் மூன்று முறை எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால்தான் ஆட்கள் வெளியே போகாமல் அங்கேயே கூடுவார்கள். கூடினால்தான் பேசுவார்கள் என்பது அந்தத் தம்பதியருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் இதுவரை பத்துக்கும் மேற்பட்ட நோபெல் பரிசுகளில் பங்கு பெற்றுள்ளனர். அவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். உயிரணுவுக்குள் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்களில் அவரும் ஒருவர். சாப்பாட்டுக் கூடத்தால்தான் நோபெல் பரிசுகள் வந்தன என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களே என்னை மடக்க வேண்டும். ஆனால், உலகின் மிகச் சிறந்த ஆய்வுக்கூடங்களில் ஒன்றை உருவாக்கியவர், உணவு மேசையை ஆய்வுக்கூடத்தின் ஓர் உறுப்பாகவே கருதினார் என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலும் இதுபோன்ற கதை ஒன்று உண்டு. அங்கே சிலர் மற்றவர்களைவிட ஏன் அதிகமான காப்புரிமைகளைப் பெறுகிறார்கள் என்று காப்புரிமைப் பிரிவின் வழக்கறிஞர்கள் யோசித்துப் பார்த்தார்கள். அவர்களிடையே தென்பட்ட பொதுவான அம்சம் ஒன்றுதான்: அவர்களில் பலர் ஹேரி நைக்விஸ்ட் என்ற பொறியாளருடன் காலை உணவோ மதிய உணவோ சாப்பிடும் வழக்கம் உள்ளவர்கள். குரலையும் இசையையும் எண்களாக மாற்றுவதற்கு வினாடிக்கு எத்தனை முறை அளவெடுக்க வேண்டும் என்ற கணக்குக்கு அடிப்படை போட்டவர்களில் நைக்விஸ்ட்டும் ஒருவர். நீங்கள் காதுகுழாயில் கேட்கும் ஒவ்வொரு பாடலிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால், சாப்பாட்டு மேசையில் அவர் தம் மேதைமையைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. எதிரே இருப்பவரிடம் நல்ல கேள்விகளைக் கேட்டு, அவரையே யோசிக்க வைத்தார்.

ஐம்பது மீட்டர்

ஏன் ஒரு சாப்பாட்டு மேசைக்கு இவ்வளவு சக்தி? ஒரு காரணம் வெறும் தூரம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்கள் யாரோடு எத்தனை முறை பேசுகிறார்கள் என்று அளந்து பார்த்தார். இருவரின் மேசைகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடக் கூட, வாரத்தில் ஒரு முறையாவது அவர்கள் வேலை பற்றிப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு வேகமாகச் சரிந்தது. சுமார் 50 மீட்டரைத் தாண்டியதும் அது மிகவும் குறைந்துவிட்டது.

50 மீட்டர் என்பது ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் நீளம். உங்கள் பள்ளியில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு இருக்கும் தூரம்கூட அதைவிட அதிகமாக இருக்கலாம். உங்கள் வகுப்புக்கு இரண்டு மாடி மேலே படிக்கும் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். தெரிந்த அந்தச் சிலரை எங்கே சந்தித்தீர்கள்? பெரும்பாலும் இணைப்பாட நடவடிக்கையில், இல்லையென்றால் பள்ளி உணவகத்தில். கணக்குப் பிரிவில் இருப்பவரும் கிடங்கில் இருப்பவரும் மின்னஞ்சலில் ஒருவரையொருவர் வெறும் பெயராக மட்டுமே அறிந்திருக்கலாம். உணவு மேசை அந்த 50 மீட்டரை ஒரு முழமாகச் சுருக்குகிறது.

இன்னொரு காரணம் சிரிப்பு. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2012ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்றாக இருந்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் திறன் கூடியிருந்தது. மூளையில் 'எண்டோர்ஃபின்' என்ற இயற்கையான வலி நிவாரணி சுரப்பதே இதற்குக் காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். மனிதர்களிடையே நெருக்கத்தை உண்டாக்குவதிலும் எண்டோர்ஃபினுக்குப் பங்கு இருப்பதாக அவர்கள் கருதுகிறார்கள். வேலைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சிரிப்பவர்கள் குறைவு. சாப்பாட்டு மேசையில் அப்படி இல்லை.

தீயணைப்பு நிலையச் சமையல்

கதைகளும் காரணங்களும் போகட்டும். யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் நிஃபின் குழுவினர், பெரிய நகரம் ஒன்றின் தீயணைப்புத் துறையை ஆராய்ந்து 2015ல் முடிவுகளை வெளியிட்டனர். அந்தத் துறையில் 50க்கும் மேற்பட்ட நிலையங்கள் உண்டு. அங்கே வீரர்கள் தாங்களே பணம் போட்டு, காய்கறி வாங்கி, சமைத்து, ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். எந்தக் குழுக்கள் அடிக்கடி சேர்ந்து சாப்பிட்டனவோ, அவற்றின் செயல்பாட்டுக்கு அதிகாரிகள் கூடுதல் மதிப்பெண் தந்திருந்தனர். சேர்ந்து சாப்பிடாத நிலையங்களைப் பற்றிக் கேட்டபோது, வீரர்கள் சங்கடப்பட்டார்களாம். குழுவுக்குள் ஏதோ சரியில்லை என்பதற்கு அது அடையாளம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே நீங்கள் சற்று நிற்க வேண்டும். சேர்ந்து சாப்பிடுவதால் குழு நன்றாகச் செயல்படுகிறதா? அல்லது ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கும் குழுதான் சேர்ந்து சாப்பிடுகிறதா? குடைகள் அதிகமாக விரியும் நாளில் சாலை நெரிசலும் அதிகமாக இருக்கும். அதற்காகக் குடைகள் நெரிசலை உண்டாக்குகின்றன என்று சொல்ல மாட்டோம்; இரண்டுக்கும் காரணம் மழை. இரண்டு விஷயங்கள் உடன் நிகழ்வது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. இந்த ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

மேலும் ஒன்று. அந்தக் கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவருடைய வேறு பல ஆய்வுக் கட்டுரைகள் பின்னாளில் தவறுகள் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. இதனால் தீயணைப்பு நிலைய ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. ஆனால், ஓர் ஆய்வை மட்டும் தூணாக வைத்து வீடு கட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

ஒரே கிண்ணம்

காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சோதனை செய்ய வேண்டும். கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2019ல் அதைத்தான் வெளியிட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத இருவரை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கொறிக்க வறுவலும் தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி போன்ற 'சல்சா'வும் கொடுத்தார்கள். சில இணைகளுக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே கிண்ணம். மற்ற இணைகளுக்குத் தனித்தனிக் கிண்ணம். யாருக்கு எது என்பது ஆய்வாளர்களின் முடிவு. சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் நிர்வாகமாகவும் மற்றவர் தொழிற்சங்கமாகவும் நடித்துச் சம்பளப் பேச்சு நடத்த வேண்டும். உடன்பாடு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வேலைநிறுத்தம். இரு தரப்புக்கும் நட்டம்.

ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டவர்கள் சராசரியாகச் சுமார் 9 நாள் வேலைநிறுத்தத்துக்குள் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தனித்தனியாகச் சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 13 நாள் ஆனது. கிண்ணத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றே. ஒரே கிண்ணத்தில் கை வைக்கும்போது, எதிரே இருப்பவர் எவ்வளவு எடுக்கிறார், நமக்கு எவ்வளவு, கடைசி வறுவல் யாருக்கு என்று நம்மை அறியாமலே கணக்கிட்டு விட்டுக்கொடுக்கிறோம். சாப்பாட்டில் பழகிய விட்டுக்கொடுத்தல் பேச்சிலும் தொடர்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதுவும் ஓர் ஆய்வுக்கூடச் சோதனைதான். உண்மையான அலுவலகம் இதைவிடச் சிக்கலானது. ஆனால், கதைகளும் கணக்கெடுப்பும் சோதனையும் ஒரே திசையைக் காட்டும்போது, அந்தத் திசையில் நடந்து பார்ப்பதில் தவறில்லை.

கட்டாயம் என்றால் களைப்பு

அப்படியானால் எல்லா நிறுவனங்களும் "இன்று முதல் அனைவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிடலாமா? கூடாது.

டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் ஜான் ட்ரூகாகோஸ் குழுவினர், ஊழியர்கள் மதிய இடைவேளையில் என்ன செய்தார்கள், மாலையில் எவ்வளவு களைப்பாகத் தெரிந்தார்கள் என்று ஆராய்ந்து 2014ல் எழுதினார்கள். இடைவேளையை எப்படிக் கழிப்பது என்பதைத் தாங்களே முடிவுசெய்ய முடியாதபோது, மற்றவர்களோடு கழித்த நேரம் ஊழியர்களைக் கூடுதலாகக் களைப்படையச் செய்தது. தாங்களே விரும்பிச் சேர்ந்தபோது அப்படி ஆகவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாம் சாப்பிடுவதைவிட நல்ல பெயர் எடுப்பதில் கவனமாக இருப்போம். அதுவும் ஒரு வேலைதான். அதோடு, எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. காலை முழுவதும் வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டே இருந்தவருக்கு மதியம் அரை மணி நேர மௌனம் தேவைப்படலாம். தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டே சாப்பிடுபவரைப் பார்த்து, "இவருக்கு நண்பர்களே இல்லை" என்று பரிதாபப்பட வேண்டியதில்லை. தனியாக இருக்க விரும்புவது வேறு. சேர்ந்து உட்கார விரும்பியும் அழைப்பார் இல்லாமல் இருப்பது வேறு. இரண்டாவது நிலைதான் நாம் கவலைப்பட வேண்டியது.

பந்தி வஞ்சனை

தமிழில் 'பந்தி வஞ்சனை' என்று ஒரு பழைய சொல் உண்டு. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு ஒரு விதமாகவும் இன்னொருவருக்கு வேறு விதமாகவும் பரிமாறுவதை அது குறிக்கும். விருந்தில் செய்யக்கூடாத காரியங்களில் அதை முதலாவதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைய வேலையிடத்திலும் பந்தி வஞ்சனை இருக்கிறது. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

ஒரு குழு எப்போதும் ஒரே கடைக்குப் போகிறது. அங்கே சைவம் சாப்பிடும் ஒருவருக்கு வெள்ளைச் சோறும் கீரையும் மட்டுமே கிடைக்கும். இன்னொரு குழு தேர்ந்தெடுக்கும் உணவகம் ஹலால் சான்றிதழ் பெறாதது. முஸ்லிம் சக ஊழியர் "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று சொல்லித் தவிர்க்கிறார். குளிரூட்டப்பட்ட உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 வெள்ளி ஆகிறது. வேலைப் பயிற்சிக்கு வந்த மாணவரால் வாரம் ஐந்து நாளும் அதைக் கொடுக்க முடியாது. மேசையில் ஆறு பேர் ஒரு மொழியில் பேசிச் சிரிக்கிறார்கள். ஏழாமவருக்கு அந்த மொழி தெரியாது. இது மற்ற இனத்தவர் நமக்குச் செய்வது மட்டும் அன்று. நாம் நான்கு தமிழர்கள் சேர்ந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் மலாய் நண்பரையோ சீன நண்பரையோ மறந்துவிடுவதும் உண்டு.

மேலே சொன்ன 'ஒரே கிண்ணம்' சோதனை இங்கேதான் இடறுகிறது. நம் ஊரில் ஒரே கிண்ணத்தை நடுவில் வைத்தால் யாராவது ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர், பன்றி இறைச்சி சாப்பிடாதவர், முட்டைகூடத் தொடாதவர் என எல்லாரும் ஒரே அலுவலகத்தில் இருக்கிறார்கள்.

அதற்கு நம் உணவங்காடி நிலையங்களே விடை சொல்லிவிட்டன. ஒருவர் ரொட்டி பிராட்டா வாங்குகிறார், ஒருவர் மீன் பந்து மீ, ஒருவர் நாசி பாடாங். தட்டு தனித்தனி; மேசை ஒன்று. தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தில்கூட ஹலால் தட்டுகளுக்கு ஒரு பக்கம், மற்றவற்றுக்கு ஒரு பக்கம். யாரும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எழுந்து போகவும் வேண்டியதில்லை. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. மலேசியாவின் காலை உணவுக் கலாசாரம் 2024 டிசம்பரில் அதே பட்டியலில் இடம்பெற்றது. இரண்டுமே உணவின் சுவைக்காக மட்டும் கிடைத்த பெருமை அன்று. பல இன மக்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்துக்கும் சேர்த்துக் கிடைத்த அங்கீகாரம். மற்ற நாடுகளின் நிறுவனங்கள் பணம் செலவழித்து உருவாக்க முயல்வது, நம் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது.

அந்த மேசையில் இன்னும் இடம் பெறாதவர்களையும் நாம் நினைக்க வேண்டும். அலுவலகத்தைத் துப்புரவு செய்பவரும் வாசலில் நிற்கும் பாதுகாவலரும் பொருள் விநியோகம் செய்பவரும் அதே கட்டடத்தில்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், ஒரு நிறுவனத்தின் உண்மையான பண்பாடு தெரிந்துவிடும்.

மேசைமேல் கைப்பேசி

சேர்ந்து உட்கார்ந்தும் சேராமல் இருக்க ஒரு வழி உண்டு. அது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 300க்கும் மேற்பட்டவர்களை அவர்களுடைய நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் ஒரு சிற்றுண்டிச் சாலைக்கு அனுப்பினார்கள். சில குழுக்களின் கைப்பேசிகள் மேசைமேல் இருந்தன. மற்றவர்களின் கைப்பேசிகள் எடுத்து வைக்கப்பட்டன. 2018ல் வெளியான முடிவு: கைப்பேசி மேசைமேல் இருந்தவர்களின் கவனம் அதிகம் சிதறியது, உடன் இருந்தவர்களோடு கழித்த நேரத்தின் மகிழ்ச்சியும் குறைந்தது. வேறுபாடு மலையளவு பெரியதன்று என்பதையும் அவர்கள் சொன்னார்கள். ஆனால், ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் சிறிய இழப்பும் இழப்புதான்.

பள்ளி இடைவேளையில் தொடங்கலாம்

நிறுவனங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது. நண்பகல் 12 முதல் 2 மணிக்குள் கூட்டம் வைக்காமல் இருக்கலாம். நுண்ணலை அடுப்பும் குடிநீரும் போதுமான நாற்காலிகளும் உள்ள ஓர் இடத்தை எல்லா ஊழியர்களுக்கும் திறந்துவிடலாம். குழுவாக வெளியே போகும்போது எல்லாரும் சாப்பிடக்கூடிய, எல்லாருக்கும் கட்டுப்படியாகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குமேல் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். வருவதும் வராததும் ஊழியரின் விருப்பம்.

நீங்கள் அதற்காக வேலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளி இடைவேளை அதே பயிற்சிக்களம்தான். தேர்வுக் காலத்தில் இடைவேளையை மிச்சப்படுத்திப் படிப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நேற்று உங்களுக்குப் புரியாத பாடம் பக்கத்து வகுப்பு மாணவருக்குப் புரிந்திருக்கலாம். அவருக்குப் புரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால்தான் உண்டு.

வாரத்தில் ஒரு நாள் போதும். வழக்கமான கூட்டத்தைவிட்டு, இதுவரை அதிகம் பேசாத ஒருவரோடு உட்காருங்கள். கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். நைக்விஸ்ட் செய்ததுபோல நீங்கள் பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். அவர் இன்று தனியாக இருக்க விரும்பினால், அதையும் மதித்து விட்டுவிடுங்கள். அழைப்பு மட்டும் உங்களிடமிருந்து போகட்டும்.

உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூப் பொட்டலத்தை வைத்து இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம். அடுத்த முறை இடம் பிடிக்கும்போது, உங்கள் கூட்டத்தில் இதுவரை இல்லாத ஒருவருக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் வையுங்கள்.